சிவப்பு அட்டைக்கு யார் பலம் தருகிறார்கள்?

கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாகச் சம்பளத்துக்கு இருந்தவர்கள், ஒரு கட்டத்தில் தனி ஆலோசகராகத் தள ஆய்வுக்குப் போகலாமே என்று நினைப்பது வழக்கம். நானும் அந்த வழியில் வந்தவன்தான். இப்போது என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும், நல்ல சோதனைப் பட்டியல் எங்கே கிடைக்கும்? இரண்டும் சுலபமாகக் கிடைத்துவிடும். கிடைக்காதது, ‘ஏறாதே’ என்று சாரத்தில் மாட்டும் சிவப்பு அட்டைக்குப் பலம் தரும் அதிகாரம். சம்பளக்காரராக இருந்தபோது காலையிலிருந்து மாலை வரை தளத்திலேயே நின்றோம். பலகை போடாத சாரத்தில் ஒரு மேஸ்திரி ஆளை ஏற்றினால், அங்கேயே சத்தம் போட்டு இறக்கினோம். ஆலோசகரோ எப்போதாவது வந்து போகிற ஆள். அவர் கையில் இருப்பது பேனா மட்டும். அது எழுதியதை யார் படிப்பார்கள், படித்தபின் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதெல்லாம் தளத்துக்குள் கால் வைக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு யாரும் பேசமாட்டார்கள்.

அழைப்பவர் யார் என்பதைப் பொறுத்து வேலையின் தன்மை மாறுகிறது. கட்டட உரிமையாளர் அழைத்தால், ஒப்பந்ததாரர் சொல்வது உண்மையா என்று அறிய விரும்புகிறார். முதன்மை ஒப்பந்ததாரர் அழைத்தால், துணை ஒப்பந்ததாரர்களை வழிக்குக் கொண்டுவர ஒரு வெளியாள் தேவைப்படுகிறார். அல்லது டெண்டரில் ‘வெளி ஆய்வு’ என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கு ஒரு கோப்பு வேண்டும். காப்பீட்டு நிறுவனமோ கடன் கொடுத்த வங்கியோ அனுப்பினால், தங்கள் பணம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும். எல்லாமே நியாயமான தேவைகள்தாம். கோப்புக்காக அழைப்பவரை மட்டும் முதல் பேச்சிலேயே அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அவர் தளத்தைப் பற்றிப் பேசமாட்டார். அறிக்கை எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் என்றுதான் கேட்பார். ஒருவர் என்னிடம் முந்தைய மாதங்களுக்கும் சேர்த்து ஆய்வறிக்கை எழுதித் தர முடியுமா என்று மிகச் சாதாரணமாகக் கேட்டார். நான் பார்க்காத சாரத்துக்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வேலையை ஏற்கும் முன் ஒப்பந்தத்தில் நான் எழுத்துப்பூர்வமாகக் கேட்கிற முதல் விஷயம், அறிக்கை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் போக வேண்டும் என்பது. ஒருவர் தளத்தை நடத்துகிறவர். மற்றவர் அந்தத் தளத்தின் கால அட்டவணையால் நேரடியாக நெருக்கப்படாத, ஆனால் பணத்தையும் ஆளையும் ஒதுக்கும் அதிகாரம் உள்ள மேலிடத்தவர். தள மேலாளருக்கு மட்டும் போகும் அறிக்கை, நல்ல மேலாளர் கிடைத்தால் பயன்படும். மற்றபடி அலமாரிக்குப் போகும்.

இரண்டாவது, உடனடி உயிராபத்து தென்பட்டால் என்ன நடக்கும் என்பது. பணியை நிறுத்தும் உரிமை எனக்கு இருக்கிறதா, அல்லது நிறுத்தச் சொல்லிப் பரிந்துரைக்க மட்டுமா? பரிந்துரை மட்டும் என்றால், அதைக் கேட்டு அந்த இடத்திலேயே முடிவெடுக்கப்போகும் ஆளின் பதவி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1988இல் கொண்டுவந்த கட்டுமானப் பாதுகாப்பு உடன்படிக்கையில், அதாவது 167ஆம் எண் உடன்படிக்கையில், உடனடி ஆபத்து இருந்தால் பணியை நிறுத்தி ஆட்களை வெளியேற்றுவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்று இருக்கிறது. ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால் விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றும் இருக்கிறது. அதை ஏற்காத நாடுகளும் உண்டு. இருந்தாலும் பேச்சைத் தொடங்க அது நல்ல இடம். கொத்தனாருக்கே இருக்க வேண்டிய உரிமை ஆய்வாளருக்கு இல்லையா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருகிறார்கள்.

மூன்றாவது, எதை நான் பார்க்கமாட்டேன் என்பது. கிரேனின் முழுமையான தொழில்நுட்பப் பரிசோதனை, ஈரக் காங்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளின் வடிவமைப்புக் கணக்கு, மின் நிறுவலின் அளவீட்டுச் சோதனை ஆகியவற்றுக்குத் தகுதியான தனி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தார்களா, எழுதிக் கொடுத்தார்களா, அந்தச் சீட்டு இன்னும் செல்லுமா என்பது வரை என் வேலை. இந்த எல்லையை எழுதி வைக்காமல் விட்டால், நாளை கிரேன் கயிறு அறுந்தபோது ‘ஆலோசகர் பார்த்தாரே’ என்பார்கள். அதே காரணத்துக்காக, ‘தளம் பாதுகாப்பாக உள்ளது’ என்ற வரியில் ஒருபோதும் கையெழுத்துப் போடுவதில்லை. இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த இடங்களில் பார்த்தவை இவை, பார்க்க முடியாத இடங்கள் இவை என்று எழுதுகிறேன். தொழில்சார் பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பாலிசியில் கட்டுமான ஆய்வு என்ற சொல் உண்மையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொது ஆலோசனை என்று எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கண்டுபிடிக்கும் குறைகளின் எண்ணிக்கையோடும், விபத்தில்லாத நாட்களின் எண்ணிக்கையோடும் அதை முடிச்சுப் போடாதீர்கள். முன்னது அற்பக் குறைகளைத் தேட வைக்கும், பின்னது காயத்தை மறைக்க வைக்கும்.

இனி தளம். போகும் முன் அடுத்த இரண்டு வார வேலைத் திட்டத்தை வாங்கிப் படித்துவிடுவேன். சோதனைப் பட்டியலைவிட அதுதான் எனக்கு வழிகாட்டி. நாளை காங்கிரீட் போடப்போகிறார்கள் என்றால் இன்று முட்டுகளைப் பார்க்க வேண்டும்; போட்ட பிறகு பார்த்து என்ன பயன்? இரவு முழுக்க மழை பெய்தால் காலையில் முதலில் அகழ்வுக் குழி. உணவு இடைவேளை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம், மாலையில் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் தொற்றும் நேரம், மேற்பார்வையாளர்கள் குறைந்துவிடும் இரவு வேலை: இந்த வேளைகளில் தளம் வேறு முகம் காட்டும். எப்போதும் காலைப் பத்து மணிக்கே வந்து தேநீர் குடித்துவிட்டு நடக்கிற ஆய்வாளருக்குக் காலைப் பத்து மணித் தளம்தான் தெரியும். முன்னறிவிப்பில்லாத வருகைக்கு ஒப்பந்தத்தில் இடம் கேட்பதும் இதற்காகத்தான்.

சாரத்தைக் கீழிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். தொழிலாளிகள் மேலே நிற்பதால் எல்லோர் கண்ணும் முதலில் மேலேதான் போகும். சாரம் விழுவது பல நேரங்களில் காலடியிலிருந்து. சாரக் காலின் அடித்தட்டுக்குக் கீழே மரப்பலகை இருக்கிறதா, அல்லது இரண்டு செங்கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்களா? அருகில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் அடிமண்ணைத் தின்றிருக்கிறதா? அப்புறம் குறுக்குப் பிணைப்புகள், அப்புறம் பலகைகள், கடைசியில்தான் கைப்பிடிக் குழாய். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிகளின்படி மேல் கைப்பிடி குறைந்தது 950 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், நடுவில் 470 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. உங்கள் நாட்டு விதி வேறு எண்ணைச் சொல்லலாம். எண் எதுவானாலும் டேப்பை எடுத்து அளந்து எழுதுங்கள். ‘கைப்பிடி தாழ்வாக உள்ளது’ என்று எழுதினால் வாக்குவாதம் வரும். ‘780 மில்லிமீட்டர்’ என்று எழுதினால் வராது.

ஒரு கட்டடத்தின் வெளிச்சாரத்தில், ஆய்வு முடிந்தது, ஏறலாம் என்று சொல்லும் பச்சை அட்டை தொங்கியது. தேதி அந்த வாரத்துடையது, கையெழுத்தும் இருந்தது. மேலே ஏறிப் பார்த்தபோது, சாரத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் டை குழாய்களை ஒரு மட்டத்தில் வரிசை முழுக்கக் காணவில்லை. கிளாம்ப் இருந்த இடத்தில் துரு உரசிய தடம் மட்டும் இருந்தது. பக்கத்தில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “பூசுவதற்கு அது இடிக்கிறது சார். பூச்சு காய்ந்ததும் மாட்டிவிடுவார்கள் என்று சொன்னார்கள்” என்றார். சொன்னது பூச்சு மேஸ்திரி. மாட்ட வேண்டிய சார மேஸ்திரிக்கு விஷயமே தெரியாது. அந்தச் சாரத்துக்கு முழுக்க வலை போர்த்தியிருந்தார்கள். வலை போர்த்திய சாரம் காற்றைக் கப்பல் பாய்போல வாங்கும், அதைத் தாங்கத்தான் டைகளே இருக்கின்றன. பூச்சு வேலைக்காரரைத் திட்டி அனுப்பியிருந்தால் அடுத்த மட்டத்தில் அடுத்தவர் அதையே செய்திருப்பார். இடிக்கிற டையைக் கழற்றும் முன் பக்கத்தில் மாற்று டை போடுவது, டை கிளாம்புகளுக்கு மட்டும் சிவப்பு வண்ணம் அடிப்பது, அவற்றைத் தொடும் உரிமை சாரக் குழுவுக்கு மட்டும் என்று எல்லாத் துணை ஒப்பந்ததாரர்களிடமும் கையெழுத்து வாங்குவது என்று அன்று மாலையே இரண்டு மேஸ்திரிகளையும் உட்கார வைத்து முடிவு செய்தோம். அட்டையில் கையெழுத்துப் போட்டவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நாளில் டைகள் இருந்தன. சாரம் நாளுக்கு நாள் மாறுகிற பொருள் என்பதை அட்டை முறை தனியாகத் தாங்காது. அதனால்தான் மேற்சொன்ன பிரிட்டன் விதிகள் ஏழு நாட்களுக்கு ஒருமுறை மறு ஆய்வு கேட்கின்றன.

முட்டுகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு வில்லோ ஐலண்ட் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரம் ஒன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது மேலே இருந்த சாரமும் பலகையடைப்பும் பெயர்ந்து விழுந்து 51 பேர் இறந்தார்கள். சாரம் தரையில் நிற்கவில்லை. கோபுரத்தின் காங்கிரீட்டிலேயே பொருத்தப்பட்டு, கோபுரம் வளர வளர மேலே ஏறும் வகை. அன்று அது பிடித்துக்கொண்டிருந்தது முந்தைய நாள் ஊற்றிய காங்கிரீட்டை. அந்தக் காங்கிரீட் சுமையைத் தாங்கும் அளவுக்கு இறுகியிருக்கவில்லை என்று விசாரணை சொன்னது. காங்கிரீட் எத்தனை நாளானது என்று கேட்பது போதாது, எவ்வளவு பலம் பெற்றிருக்கிறது, அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்க வேண்டும் என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் கற்பிக்க முடியாது. குளிரில் காங்கிரீட் மெதுவாக இறுகும். ஏழு நாள் ஆகிவிட்டது, பிரிக்கலாம் என்று மேஸ்திரி சொன்னால், காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்க்கும் கனசதுரச் சோதனையின் முடிவு எங்கே, பிரிக்கச் சொல்லி எந்தப் பொறியாளர் எழுதிக் கொடுத்தார் என்பதே என் அடுத்த கேள்வி.

ஸ்லாப் போடும் முன் முட்டுகளுக்கிடையே குனிந்து நடந்து பார்க்க வேண்டும். வெளியே நின்று எட்டிப் பார்ப்பது உதவாது. 15 சென்டிமீட்டர் கனமுள்ள தளத்தில் ஈரக் காங்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ. அதற்கு மேல் ஆட்கள், பம்பு குழாய், ஒரே இடத்தில் கொட்டிக் குவியும் காங்கிரீட். இத்தனையும் தாங்கும் இரும்பு முட்டுகளில் நான் அடிக்கடி காண்பது, முட்டின் உயரத்தைப் பூட்ட நிறுவனம் கொடுத்த கெட்டி ஊசி தொலைந்துபோய் அந்தத் துளையில் செருகப்பட்ட துண்டுக் கம்பி. எட்டு மில்லிமீட்டர் கம்பி. பார்ப்பதற்கு ஒன்றும் ஆகாததுபோல இருக்கும். சுமை ஏறினால் வளைந்துகொடுக்கும், அந்த முட்டு விட்ட பாரம் பக்கத்து முட்டுக்குப் போகும், அங்கேயும் ஒரு துண்டுக் கம்பி இருக்கலாம். நான் கையில் சாக்பீஸ் வைத்துக்கொண்டு அத்தகைய முட்டுகளில் எல்லாம் வட்டம் போடுவேன். காங்கிரீட் வண்டி வாசலில் நிற்கும்போது இதைச் செய்தால் எல்லோரும் முறைப்பார்கள். ஆகவே முந்தைய நாளே செய்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

மண்ணை நம்புகிறவர்கள் அதிகம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன் வரை எடை. அதாவது ஒரு சிறிய கார் ஆளின் மீது விழுவதற்குச் சமம். மார்பளவு மண்ணுக்குள் சிக்கினாலே மூச்சு விடுவது கடினம். அமெரிக்க விதிகள் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து, உறுதியான பாறையாக இல்லாவிட்டால், பக்கச் சுவருக்குத் தடுப்போ சரிவோ கேட்கின்றன. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிப் போடச் சொல்கின்றன. தளத்தில் எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் “நேற்று முழுக்க நின்றது சார்” என்பதுதான். நேற்று நின்ற சுவர் இன்று விழுவதுதான் வழக்கம். மேலே தரையில் விளிம்புக்கு இணையாக மெல்லிய விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். அது தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை, குழிக்குள் இருப்பவர்களை வெளியே எடுத்துவிட்டுத்தான் அறிக்கையெல்லாம்.

உயரத்தில் வேலை செய்கிறவர் பெல்ட் போட்டிருக்கிறார் என்றால் பல அறிக்கைகளில் ஒரு டிக் விழுந்துவிடுகிறது. நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். எங்கே மாட்டியிருக்கிறார்? விழுந்தால் கீழே இடம் இருக்கிறதா? தொங்கினால் யார் இறக்குவார்கள்? இரண்டாவது கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 1.8 மீட்டர் கயிறு, அதிர்வை வாங்கும் பட்டை விரிந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர், பாதுகாப்புக்கு ஒரு மீட்டர். கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் தேவை. காலடியில் உள்ள பலகைக்குழாயில் கொக்கியை மாட்டிக்கொண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கிறவரைக் கயிறு பிடித்து நிறுத்தும் முன் தரை நிறுத்திவிடும். அவர் முழு விதிமுறைப்படி உடையணிந்து கீழே விழுவார். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான தளங்களில் பதில் மௌனம்தான். பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறவருக்குச் சில நிமிடங்களிலேயே உயிராபத்து வரலாம். தீயணைப்பு வண்டி வரும் என்பதை மீட்புத் திட்டம் என்று ஒத்துக்கொள்ள முடியாது.

கிரேன் வேலையில், சுமையைக் கொக்கியோடு கட்டும் ஸ்லிங்கின் கோணத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு டன் சுமையை இரண்டு கால்களில் நேராகத் தூக்கினால் காலுக்கு ஒரு டன். கால்கள் விரிந்து கிடைமட்டத்தோடு 30 பாகையில் வந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு டன். சுமையைக் கட்டுகிற ரிக்கருக்கு இது தெரியுமா என்று சோதிக்கக் கேள்வித்தாள் வேண்டாம், “எந்தக் கோணத்துக்கு மேல் விரிக்கமாட்டீர்கள்?” என்று கேட்டு, அவர் கையால் காட்டுவதைப் பாருங்கள். மின்சாரத்தில், 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்புச் சாதனத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அதன் பொறி வேலை செய்கிறது என்று மட்டும் தெரியும், எர்த் ஒழுங்காக இருக்கிறது என்று தெரியாது. அதற்கு மின்பணியாளரின் அளவீட்டுச் சீட்டு வேண்டும்.

ஹெல்மெட்டைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். ஹெல்மெட் இல்லாதவர்கள், நாடா கட்டாதவர்கள், காலணி கிழிந்தவர்கள் என்று பத்துப் பக்கம் நிரப்பி, மூடப்படாத லிஃப்ட் குழியை ஒரு வரியில் முடித்த அறிக்கைகளை ஏராளமாகப் படித்திருக்கிறேன். ஆபத்தை அகற்ற முடியுமா, குறைந்த ஆபத்துள்ளதாக மாற்ற முடியுமா, தடுப்பு போட முடியுமா, வேலை முறையை மாற்ற முடியுமா என்று வரிசையாகக் கேட்டு முடித்த பிறகு வருவதுதான் ஆள் அணியும் கவசம். அதிலிருந்து தொடங்குகிற ஆய்வு, பொறுப்பை அடிமட்டத் தொழிலாளியின் தலையில் வைப்பதில் போய் முடியும். நிர்வாகத்துக்கு அது வசதி. ஆகவேதான் அந்த மாதிரி அறிக்கை எழுதுகிறவர்களுக்கு வேலை குறைவதே இல்லை.

தொழிலாளிகளிடம் பேச நேரம் ஒதுக்குங்கள். பொறியாளர் கூடவே நின்றால் அவர்கள் பேசமாட்டார்கள்; கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வதில் தவறில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள், காட்டுங்கள் என்றால் உற்சாகமாகக் காட்டுவார்கள், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். எனக்கு அதிகம் உதவிய கேள்வி: “இந்தத் தளத்தில் உங்களுக்குப் பயமாக இருக்கிற இடம் எது?” ஒருமுறை கம்பி கட்டும் ஒருவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் பின்பக்க மாடிப்படியைக் காட்டினார். விளக்கு இல்லை, இரண்டு படிகளுக்கு அச்சுப் பலகை பிரிக்கப்படவில்லை, எல்லோரும் குறுக்கு வழியாக அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்னை அழைத்துப்போன வழியில் அந்தப் படி வரவே இல்லை. தளத்தில் வேறு மொழி பேசுகிற குழு இருந்தால் அவர்களில் ஒருவரையே மொழிபெயர்க்கக் கேளுங்கள். அவர்களுடைய மேஸ்திரியைக் கேட்காதீர்கள். குறை சொன்னவரின் பெயர் அறிக்கையில் வரக்கூடாது, அவர் நின்ற இடமும் நேரமும்கூட அவரைக் காட்டிக்கொடுக்கும்படி வரக்கூடாது.

அறிக்கையை அன்றே எழுதுங்கள். உயிராபத்தான விஷயங்களைத் தளத்தை விட்டுப் போகும் முன் நேரில் சொல்லி, அதே நிமிடம் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ பதிவும் செய்துவிடுங்கள். “சார், மாலைக்குள் சரி செய்துவிடுவோம், இதை எழுத வேண்டாமே” என்பார்கள். சரி செய்தால் ‘சரி செய்யப்பட்டது’ என்று சேர்த்து எழுதுகிறேன் என்பேன், எழுதாமல் விடுவதில்லை. ஒரு குறைக்கு ஒரு செயல், ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. ‘உறுதி செய்யப்பட வேண்டும்’ என்று முடிகிற வாக்கியத்தில் யார் என்பதே இல்லை, அதைப் படித்து ஒருவரும் எழுந்து போய் ஒரு போல்ட்டை முடுக்கமாட்டார். எல்லாவற்றையும் சிவப்பில் போடாதீர்கள். சிவப்பு மூன்று இருந்தால் மூன்றையும் பார்ப்பார்கள்; முப்பது இருந்தால் எதையும் பார்க்கமாட்டார்கள். சென்ற அறிக்கையில் வந்த குறை மறுபடியும் வந்தால் அதைத் தனியாக மேலே எடுத்து எழுதுங்கள், ஏனென்றால் அப்போது குறை சாரத்தில் இல்லை, மேலாண்மையில் இருக்கிறது.

குறை தீர்ந்ததாகப் புகைப்படம் வரும். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு லிஃப்ட் குழி வாசலுக்குத் தடுப்பு போட்டதாகப் படம் வந்தது, நேர்த்தியான தடுப்பு. ஆனால் நான் எடுத்த படத்தில் சுவரில் இருந்த மின்பெட்டி இதில் இல்லை. தடுப்பு போட்டது கீழ்த்தளத்தில். குறை இருந்தது மேல்தளத்தில். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, அவசரத்தில் தளம் மாறியதா என்று நான் ஆராயவில்லை. அன்றிலிருந்து, குறையின் எண்ணைத் தரையில் சாக்பீஸால் எழுதி, நான் எடுத்த அதே கோணத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். சிவப்புக் குறைகளை நேரில் போய்ப் பார்த்தபின்தான் மூடுகிறேன்.

அறிக்கையை மென்மையாக்கச் சொல்லும் அழைப்பு ஒருநாள் வரும். எனக்கு வந்தது ஒரு பெரிய தளத்தின் மேலாளரிடமிருந்து. ‘உயிராபத்து’ என்ற வார்த்தையை ‘கவனிக்கத்தக்கது’ என்று மாற்ற முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் எழுதிய அளவோ இடமோ தவறாக இருந்தால் திருத்தி, திருத்தியதையும் பதிவு செய்கிறேன், சங்கடமாக இருக்கிறது என்பதற்காக மாற்ற முடியாது என்றேன். கைப்பிடி இல்லாத அந்த விளிம்புக்கு இரண்டு நாளில் கைப்பிடி வந்தது. என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இந்தத் தொழிலில் இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வருமானத்தைத் திட்டமிட வேண்டும். ஒரே வாடிக்கையாளரை நம்பி வாழ்கிற ஆலோசகரால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

உங்கள் உடம்பையும் கொஞ்சம் பாருங்கள். நீங்களே சிவப்பு அட்டை போட வேண்டிய சாரத்தில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். மூடிய தொட்டிக்குள்ளோ ஆள்நுழைவுக் குழிக்குள்ளோ காற்றுச் சோதனை முடியாமல் தலையை நீட்டாதீர்கள், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் மூக்கு எச்சரிக்காது. தளத்தில் தனியாகச் சுற்றாதீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஒப்பந்தம் முடியும்போதும் ஒரு வேலை இருக்கிறது, பலர் அதைச் செய்வதில்லை. மூடப்படாமல் இருக்கும் குறைகள் எல்லாவற்றையும், முதலில் சொன்ன தேதியோடும் பொறுப்பாளர் பெயரோடும், ஒரே தாளில் எடுத்து உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். அடுத்து வருகிற ஆய்வாளர் கேட்டால் அவர்கள் சம்மதத்தோடு அதன் நகலை அவருக்கும் கொடுங்கள். நான் புதிய தளத்தை ஏற்கும்போதும் முதலில் கேட்பது முந்தையவரின் அந்தத் தாளைத்தான். தருகிறவர்களோடு மறுநாளே தளத்துக்குப் போகிறேன். அப்படி எதுவுமே இல்லை என்கிறவர்களிடம், முதல் ஆய்வுக்கு இருமடங்கு நேரம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.